யாருடைய சமாதானம்? — கொங்கோவும் ஐக்கிய நாடுகள் படையும்

1960ஆம் ஆண்டு யூலை 21ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க இலங்கையின் பிரதமராகப் பதவியேற்றார். மறுநாள் நியூயோர்க்கில் கூடிய பாதுகாப்புச் சபையில், இலங்கையும் தூனிசியாவும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. பெல்ஜியம் தன் துருப்புகளைக் கொங்கோவிலிருந்து விரைவாக மீட்டுக்கொள்ள வேண்டும். அந்நாட்டின் ஒருமைப்பாட்டைக் குலைக்கும் செயல் எதிலும் எந்த நாடும் ஈடுபடலாகாது என்பது அதன் சாரம்.

1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இலங்கை பாதுகாப்புச் சபையில் அங்கம் வகித்தது. கொங்கோவுக்குச் சென்ற ஐக்கிய நாடுகள் படையின் கையைக் கட்டிய தீர்மானத்தை முன்மொழிந்தவர்களில் இலங்கையும் ஒன்று. ஆறு மாதங்களின் பின் அக்கட்டை அவிழ்த்த தீர்மானத்தை முன்மொழிந்தவர்களிலும் இலங்கை ஒன்று. அந்த ஆறு மாதங்களுக்கிடையில் ஒரு தேசத்தின் முதற் பிரதமர் கொலையுண்டார். ஆகவே கொங்கோவின் கதையை ஏதோ தூரதேசத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

சமாதானப் படைகள் ஏன் இடர்ப்படுகின்றன என்று கேட்டால், நிபுணர்கள் ஒரு பட்டியலைத் தருவார்கள். ஆட்பலம் போதாது, பணம் போதாது, பல நாட்டுப் படைகளை ஒரே தலைமையின் கீழ் நடத்துவது கடினம் என்பார்கள். இவை யாவும் உண்மையே. எனினும் இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. அப்படை காக்கப் புகுந்த சமாதானம் யாருடைய சமாதானம்? இக்கேள்விக்கு விடை காணாமல் அனுப்பப்படும் படை, எத்துணை வீரம் படைத்ததாயினும், வழி தெரியாத படையே. இதனைக் கொங்கோவைப்போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை.

ஐக்கிய நாடுகள் சாசனத்தைப் படிப்போர் அதில் ‘சமாதானப் படை’ என்ற சொல்லையே காணமாட்டார்கள். வல்லரசுகள் கூடி ஒரு பொதுப்படையை அமைக்கும் என்றும், ஆக்கிரமிப்பாளனை அது அடக்கும் என்றும் 1945இல் சாசனம் எழுதியோர் எண்ணினர். வல்லரசுகளின் பகைமையால் அப்படை ஒருநாளும் பிறக்கவில்லை. 1956இல் பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கிய சூயெஸ் நெருக்கடியின்போது, கனடாவின் வெளிநாட்டமைச்சர் லெஸ்டர் பியர்சனும் செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷோல்டும் ஒரு புதிய உபாயத்தைக் கண்டனர். போரை நிறுத்த உடன்பட்ட இரு தரப்பாருக்கும் நடுவே, சிறு நாடுகளின் துருப்புகள் போய் நிற்கும். நாட்டின் சம்மதம், பாரபட்சமின்மை, தற்காப்புக்கன்றி ஆயுதம் எடாமை ஆகிய மூன்றும் அதன் விதிகளாயின. இரு நாடுகளுக்கிடையே எல்லைக்கோடு ஒன்று இருக்கும் இடத்தில் இவ்விதிகள் பொருந்தும். கொங்கோவிலோ அத்தகைய கோடு எதுவும் இல்லை. சண்டை ஒரே நாட்டினுள் நடந்தது. அந்நாட்டின் செல்வத்துக்காக நடந்தது.

அச்செல்வத்தின் சரித்திரம் குருதி தோய்ந்தது. 1885 முதல் 1908 வரை கொங்கோ பெல்ஜிய அரசன் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. றப்பர் சேர்க்கத் தவறிய மக்களின் கைகள் வெட்டப்பட்டன. உலகம் கண்டித்த பின்னர் அது பெல்ஜிய அரசின் குடியேற்ற நாடாயிற்று. அதன் தென்கோடி மாகாணமாகிய கட்டங்காவில் செம்பும் கோபால்ட்டும் யுரேனியமும் குவிந்து கிடந்தன. ஹிரோஷிமாவின்மீது வீசப்பட்ட அணுகுண்டின் யுரேனியத்திற் பெரும்பகுதி கட்டங்காவின் ஷிங்கொலொப்வே சுரங்கத்திலிருந்தே போயிற்று. யூனியன் மினியேர் என்ற சுரங்கக் கொம்பனி அம்மாகாணத்தின் முடிசூடா அரசாக விளங்கியது. ஆனால் 1960 யூன் 30ஆந் திகதி சுதந்திரம் வந்தபோது, மேற்கு ஐரோப்பாவளவு பரந்த அந்நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கொங்கோ மக்களின் தொகை இருபதைத் தாண்டவில்லை. ஒரு கொங்கோ வைத்தியர்கூட இருக்கவில்லை. ஏறக்குறைய 25,000 பேர் கொண்ட இராணுவத்தில் அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். ‘நாகரிகப்படுத்தும் பணி’யின் ஐந்தொகை அதுவே.

சுதந்திரம் வந்து ஐந்தாம் நாள் இராணுவத் தளபதி ஜான்சன்ஸ் தம் சிப்பாய்களுக்கு முன்னே கரும்பலகையில் ஒரு வாசகத்தை எழுதினார்: ‘சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்.’ சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். வெள்ளையர் தாக்கப்பட்டனர், பலர் தப்பியோடினர். தன் பிரசைகளைக் காக்கவென்று யூலை 10ஆந் திகதி பெல்ஜியம் அனுமதியின்றிப் படையை இறக்கியது. மறுநாளே மொயிஸ் ஷொம்பே கட்டங்காவைத் தனிநாடாகப் பிரகடனஞ் செய்தார். பெல்ஜிய அதிகாரிகள் அவருடைய படையை அமைத்துக் கொடுத்தனர். யூனியன் மினியேர் தான் செலுத்த வேண்டிய வரியை மத்திய அரசுக்குக் கொடாமல் அவருடைய திறைசேரிக்குக் கொடுத்தது. தேர்தலில் அதிக ஆசனங்கள் பெற்ற கட்சியின் தலைவரான பிரதமர் பற்றிஸ் லுமும்பாவும், ஜனாதிபதி ஜோசப் கஸவுபுவும் யூலை 12ஆந் திகதி ஐக்கிய நாடுகள் சபைக்குத் தந்தி அடித்தனர். உள்நாட்டுக் குழப்பத்தை அடக்கித் தாருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. வெளிநாட்டு ஆக்கிரமிப்பிலிருந்து காத்தருளுங்கள் என்றே கேட்டனர். இந்த வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

பாதுகாப்புச் சபை வேகமாகவே இயங்கியது. யூலை 14ஆந் திகதி தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே முதல் துருப்புகள் லியோபோல்ட்வில் நகரில் இறங்கின. கானா, தூனிசியா, மொரொக்கோ, எதியோப்பியா, அயர்லாந்து, சுவீடன் எனப் பல நாட்டவரும் வந்தனர். படை பெருகிய காலத்தில் அதன் தொகை 20,000ஐ அண்மித்தது. ஆயினும் இப்படை கட்டங்காவின் வாயிலில் வந்து நின்றுவிட்டது. ‘நுழைந்தால் எதிர்ப்போம்’ என்றார் ஷொம்பே. ஆகஸ்ட் 9ஆந் திகதி பாதுகாப்புச் சபை மீண்டுங் கூடியது. இலங்கையும் தூனிசியாவும் முன்மொழிந்த புதிய தீர்மானம், படை கட்டங்காவினுள் நுழைவது அவசியம் என்றது. அதே தீர்மானத்தின் மற்றொரு பகுதி, எந்த உள்நாட்டுப் பிணக்கிலும் அப்படை தரப்பாகவோ, அதன் முடிவை மாற்றும் கருவியாகவோ இருக்கமாட்டாது என்றும் கூறியது.

சொல்லளவில் இது எவ்வளவு நேர்மையாகத் தோன்றுகிறது! சிறிய நாடுகள் இதனை விரும்பியதற்குக் காரணமும் உண்டு. இன்று ஒரு நாட்டின் பிணக்கில் தலையிடும் படை, நாளை தம் நாட்டிலும் தலையிடலாம் என்று அவை அஞ்சின. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கட்டங்கா உள்நாட்டுப் பிணக்கா? பெல்ஜிய அதிகாரியும் கொம்பனிப் பணமும் இல்லாவிடில் அத்தனிநாடு ஒரு மாதமேனும் நிலைத்திருக்குமா? ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹமர்ஷோல்ட் சுவீடன் துருப்புகளுடன் எலிசபெத்வில் நகருக்குச் சென்றார். ஷொம்பேயுடன் பேசித் துருப்புகளை உள்ளே கொண்டுவந்தார். படை நுழைந்தது, பிரிவினையோ அப்படியே இருந்தது. சட்டபூர்வமான அரசையும் அதை உடைத்தவரையும் சமதூரத்தில் வைத்த நடுநிலை, உடைத்தவருக்கே காலத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. லுமும்பா சினந்தார், செயலாளர் நாயகத்தின்மீது நம்பிக்கை இழந்தார், சோவியத் விமானங்களின் உதவியை நாடினார்.

லுமும்பாவை வணங்குவதற்காக உண்மையை மறைத்தல் நமக்கு அழகன்று. அவ்விமானங்களில் ஏறிச் சென்ற அவருடைய இராணுவம், தென் கசாயில் அப்பாவி மக்களைக் கொன்று குவித்தது. அக்கொடுமையை எந்தக் கொள்கையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. பொதுமக்களைக் காக்கும் கடமையும், ஒரு நாட்டின் ஒருமைப்பாட்டைக் காக்கும் கடமையும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பதைச் சமாதானப் படைகள் அங்கேதான் முதன்முதலாகக் கண்டன எனலாம்.

செப்டெம்பர் 5ஆந் திகதி இரவு கஸவுபு வானொலியில் தோன்றி லுமும்பாவைப் பதவி நீக்கினார். சற்று நேரத்தில் லுமும்பா அதே வானொலியில் கஸவுபுவைப் பதவி நீக்கினார். பிரதிநிதிகள் சபை இரண்டு நீக்கங்களையும் செல்லாது என்றது. அப்பொழுது ஐக்கிய நாடுகள் அலுவலகத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் அமெரிக்கரான அன்ட்ரூ கோடியர். உள்நாட்டு யுத்தம் மூளாதிருக்கவென்று அவர் விமான நிலையங்களை மூடினார். வானொலி நிலையத்தையும் மூடினார். கட்டளை இரு தரப்பாருக்கும் பொதுவானதே. ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் பிரசாவில் வானொலி கஸவுபுவுக்குத் திறந்திருந்தது. லுமும்பாவுக்கோ தம் ஆதரவாளர்களை வரவழைக்க விமானமும் இல்லை, மக்களோடு பேச வானொலியும் இல்லை. இருவருக்கும் ஒரே கதவை அடைத்தார்கள். ஒருவருக்கு மட்டும் வேறு கதவு இருந்தது. ஒன்பது நாளில் கேணல் மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார்.

இதன் பின் நடந்தவை உலகறிந்தவை. லுமும்பாவின் இல்லத்தைச் சுற்றி ஐக்கிய நாடுகள் காவலர் நின்றனர். அவர்களைச் சுற்றி மொபுட்டுவின் சிப்பாய்கள் நின்றனர். நவம்பர் 22ஆந் திகதி பொதுச்சபை கஸவுபுவின் தூதுக்குழுவையே கொங்கோவின் பிரதிநிதியாக ஏற்றது. ஐந்து நாட்களின் பின் லுமும்பா இரகசியமாக வெளியேறினார். டிசம்பர் 1ஆந் திகதி பிடிபட்டார். அவரைப் பிடித்தவர்களின் கையிலிருந்து மீட்பது தமக்கு விதிக்கப்பட்ட பணியன்று என்பதே ஐக்கிய நாடுகள் படைக்குக் கிடைத்த கட்டளை. 1961 ஜனவரி 17ஆந் திகதி அவர் மொறிஸ் ம்போலோ, ஜோசப் ஒக்கிற்றோ ஆகிய தோழர் இருவருடன் கட்டங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். எலிசபெத்வில் விமான நிலையத்தில் காவல் புரிந்த சுவீடன் துருப்பினர், மூவரும் அடித்திழுத்துச் செல்லப்படுவதைத் தூரத்தில் நின்று கண்டனர். அன்றிரவே மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெல்ஜிய அதிகாரிகளும் அவ்விடத்தில் இருந்தனர். 2001இல் பெல்ஜிய நாடாளுமன்ற விசாரணைக்குழு தன் நாட்டுக்கு இக்கொலையில் தார்மீகப் பொறுப்பு உண்டென்று கண்டது. 2002இல் அந்நாட்டரசு மன்னிப்புக் கேட்டது. 2022 யூன் மாதத்தில் லுமும்பாவின் பல் ஒன்று குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அமிலத்திற் கரைக்கப்பட்ட உடலில் எஞ்சியது அவ்வளவே.

கொலைச் செய்தி 1961 பெப்ரவரி 13ஆந் திகதி வெளிவந்தது. பெப்ரவரி 21ஆந் திகதி இலங்கை, லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகியவை முன்மொழிந்த தீர்மானம், உள்நாட்டு யுத்தத்தைத் தடுக்க இறுதி வழியாகப் பலத்தைப் பிரயோகிக்கவும் படைக்கு அதிகாரம் அளித்தது. வெளிநாட்டுக் கூலிப்படையினரையும் அரசியல் ஆலோசகரையும் வெளியேற்றுமாறு கோரியது. நேரு இந்தியப் படையணி ஒன்றை அனுப்பினார். இவ்வதிகாரம் முந்திய ஆகஸ்டில் வழங்கப்பட்டிருந்தால் என்ற எண்ணம் எழாமற் போகாது. கேட்டது கிடைத்தது, கேட்டவர் இல்லை.

அதிகாரம் கிடைத்த பின்னரும் பணி இலகுவாகவில்லை. செப்டெம்பர் 13ஆந் திகதி கட்டங்காவின் முக்கிய நிலையங்களைக் கைப்பற்ற எடுத்த முயற்சி குழம்பியது. ஜாடோவில் என்ற இடத்தில் ஏறக்குறைய 150 அயர்லாந்துத் துருப்பினர் சுற்றிவளைக்கப்பட்டு, ஐந்து நாள் போராடிச் சரணடைந்தனர். கட்டங்காவிடம் இருந்தது ஒரேயொரு போர் ஜெற் விமானம். ஐக்கிய நாடுகள் படையிடம் அந்த ஒன்றுகூட இருக்கவில்லை. போர்நிறுத்தம் பேச ஷொம்பேயைச் சந்திக்கப் புறப்பட்ட ஹமர்ஷோல்டின் விமானம் செப்டெம்பர் 18ஆந் திகதி அதிகாலையில் ந்டோலாவுக்கு அருகே விழுந்தது, அவர் மாண்டார். அவ்விபத்தின் உண்மையை மீண்டும் ஆராயப் பொதுச்சபை 2014இல் தீர்மானித்ததென்றால், எழுந்த சந்தேகம் அரை நூற்றாண்டாக அடங்கவில்லை என்பதே பொருள். ஹமர்ஷோல்டின் நடுநிலைக் கொள்கையை நாம் கண்டிக்கலாம். அக்கொள்கைக்காக அவர் தம் உயிரையே கொடுத்தார் என்பதை மறுக்கலாகாது. நவம்பர் மாதத்தில் கிண்டு நகரில் 13 இத்தாலிய விமானப்படையினர் கொல்லப்பட்டனர். 1962 டிசம்பர் இறுதியில் தொடங்கிய நடவடிக்கையே பிரிவினைக்கு முடிவு கட்டியது. 1963 ஜனவரியில் ஷொம்பே பணிந்தார். நான்கு ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் தரப்பில் மாண்டோர் 250 பேர்.

களத்தின் சிரமங்களையும் சொல்லத்தான் வேண்டும். அயர்லாந்துத் துருப்புகள் பூமத்திய ரேகை நாட்டுக்குத் தடித்த கம்பளிச் சீருடையுடன் வந்திறங்கின. மொழி தெரியாத சிப்பாய், மொழி தெரியாத மக்களைக் காக்க நின்றான். ஒவ்வொரு நாட்டுப் படையும் ஐக்கிய நாடுகள் தளபதியின் கட்டளையை ஒரு காதாலும், தன் தலைநகரின் கட்டளையை மறு காதாலும் கேட்டது. லுமும்பா கைதானதைக் கண்டித்து மொரொக்கோ, கினி, இந்தோனேசியா, யூகோஸ்லாவியா போன்ற நாடுகள் தம் படைகளை மீட்டுக்கொள்ள முடிவு செய்தன. நியாயமான கோபமே. ஆயினும் அதன் விளைவு யாது? லுமும்பாவின் அரசியலோடு உடன்பாடுடைய துருப்புகள் போயின. களம் மற்றவர்க்கு விடப்பட்டது.

பணத்தின் கதையும் அத்தகையதே. இந்நடவடிக்கைக்கு 40 கோடி டொலருக்கும் மேற் செலவாயிற்று. சோவியத் ஒன்றியமும் பிரான்சும் தம் பங்கைக் கொடுக்க மறுத்தன. இத்தகைய செலவு சபையின் செலவே என்று 1962இல் சர்வதேச நீதிமன்றம் 9க்கு 5 என்ற பெரும்பான்மையால் அபிப்பிராயம் கூறியும் அவை அசையவில்லை. பணங்கொடாதாரின் வாக்குரிமையைப் பறிப்பதா என்ற பிணக்கில் 1964இன் பொதுச்சபைக் கூட்டம் முறையான வாக்கெடுப்பையே தவிர்த்து நடந்தது. இடதுசாரிகளாகிய நாம் இதையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். பணங்கொடாத வல்லரசு படையின் மீதான செல்வாக்கையும் இழக்கிறது. பணங்கொடுத்த வல்லரசு அதைத் தன் கையிற் கொள்கிறது. அந்நோய் இன்றும் தீரவில்லை. நிதிப் பற்றாக்குறையால் சமாதானப் படைகளில் ஏறத்தாழக் காற்பங்கைக் குறைக்கப் போவதாக 2025 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

நன்மை எதுவும் விளையவில்லையா? விளைந்தது. கட்டங்கா பிரிந்து போகவில்லை. பெல்ஜிய வைத்தியர் ஓடிப்போன ஆஸ்பத்திரிகளை ஐக்கிய நாடுகள் வைத்தியர் நடத்தினர். வைத்திய உதவியாளராயிருந்த கொங்கோ இளைஞர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு முழு வைத்தியராகத் திரும்பினர். ஆனால் 1964 யூன் 30ஆந் திகதி படை வெளியேறியது. அடுத்த மாதமே பிரிவினைத் தலைவர் ஷொம்பே கொங்கோவின் பிரதமரானார்! 1965 நவம்பரில் மொபுட்டு மீண்டும் ஆட்சியைப் பிடித்து 1997 வரை நாட்டைக் கொள்ளையிட்டார். தேசத்தின் உடல் காக்கப்பட்டது. அதன் அரசியல் எந்தச் சக்திகளின் கையிற் போயிற்றென்பதைக் காவலர் கேட்கவில்லை.

1999இல் ஐக்கிய நாடுகள் படை மீண்டும் கொங்கோவுக்குச் சென்றது. 2012 நவம்பரில் கோமா நகரைக் கிளர்ச்சிப்படை கைப்பற்றியபோது அது பார்த்து நின்றது. 2013இல் தாக்குதல் நடத்தும் அதிகாரத்துடன் ஒரு தனிப் படையணி அமைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதே நகரம் அதே கிளர்ச்சியாளரிடம் மீண்டும் வீழ்ந்தது. கட்டங்காவின் செம்புக்குப் பதிலாக இன்று கிழக்குக் கொங்கோவின் கோல்டான் பேசப்படுகிறது. கனியத்தின் பெயர் மாறியது. அதனை வாங்குவோரையும், எல்லைக்கப்பால் நின்று படையூட்டுவோரையும் தொடாமல் நடுவே காவலனை நிறுத்தும் வழக்கம் மாறவில்லை.

‘அமைதி காக்கும் படை’ என்ற சொற்றொடர் நம்மவர்க்கு நூலில் மட்டும் படித்த ஒன்றன்று. 1987 முதல் 1990 வரை வடக்கிலும் கிழக்கிலும் அப்பெயருடன் நின்ற இந்தியப் படை ஐக்கிய நாடுகள் படையன்று. இரு அரசுகளின் ஒப்பந்தத்தால் வந்தது. எனினும் காவலனாக வந்தவன் சில மாதங்களுள் போரின் தரப்பாக மாறினால், வீதியில் நடப்பவனுக்கு என்ன நேருமென்பதை யாழ்ப்பாணத்து மக்கள் அறிவர். மறுபுறம், ஹெயிற்றிக்கு ஐக்கிய நாடுகள் படையாகச் சென்ற இலங்கைத் துருப்பினருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியற் சுரண்டல் குற்றச்சாட்டின்பேரில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டனர். காக்கப்படுவோராகவும் காப்போராகவும் இருபுறமும் நின்றவர்கள் நாம். நீலத் தொப்பி அணிந்தவன் யாருக்குப் பொறுப்புச் சொல்கிறான் என்ற கேள்வியைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்குண்டு.

இவற்றால் சமாதானப் படையே வேண்டாமென்று சொல்வது விவேகமாகாது. 1994 ஏப்ரலில் ருவாண்டாவிலிருந்து படையின் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளப் பாதுகாப்புச் சபை தீர்மானித்ததும், கொலைகாரருக்குத் தடையற்ற நாட்கள் கிடைத்ததும் நாம் மறக்கத் தக்கவையல்ல. காவலன் இல்லாத இடத்தில் பலவான் ஆள்வான். ஆகவே நமது கோரிக்கை வேறு. படை புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: தாக்கியவர் யார், தாக்கப்பட்டவர் யார்? இச்சண்டையால் யாருடைய பெட்டி நிறைகிறது? அப்பெட்டியைப் பூட்டும் துணிவு பாதுகாப்புச் சபைக்கு உண்டா? இவற்றைக் கேளாமல் சிப்பாயை மட்டும் அனுப்புவது, கூரையில் தீ வைத்தவனை விட்டுவிட்டு வாசலில் காவல் போடுவதை ஒக்கும்.

நம் பாடசாலைகளில் ஐக்கிய நாடுகள் தினத்தன்று மாணவர் கொடியேற்றிப் பாடுகிறார்கள். நல்லதே. அன்றைக்கு ஆசிரியர் ஒருவர் ஆபிரிக்காவின் படத்தை விரித்து, எலிசபெத்வில் என்ற பழைய பெயரையும் லுபும்பாஷி என்ற இன்றைய பெயரையும் கொண்ட நகரத்தைக் காட்டட்டும். அதன் விமான நிலையத்தில் ஒரு ஜனவரி மாலை மூன்று மனிதர் இழுத்துச் செல்லப்பட்டதையும், காவலர் கையில் துப்பாக்கியுடன் நின்றதையும் சொல்லட்டும். அவர்கள் ஏன் அசையவில்லை என்று மாணவன் கேட்பான். அவர்களுக்கு அவ்வாறு கட்டளையிடப்பட்டிருந்தது என்பதே உண்மையான விடை. அக்கட்டளையின் வாசகத்தை எழுதிய மேசையில் நம் நாடும் அமர்ந்திருந்தது என்பதை அவ்விடத்தில் ஆசிரியர் சேர்த்துச் சொல்லவேண்டும்.